ஆடி கடைசி வெள்ளியில் ஒரு கிராம சபை

ஆகஸ்ட் பதினைந்து, காலை ஐந்தரை. ஓசூர் மகளிர் விடுதியில் நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். அறைத்தோழி முத்துலட்சுமி எழுந்திருக்கவில்லை. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், தொழிற்சாலையில் என் லைனிலேயே வேலை. “கம்பெனியில கொடியேத்தறாங்க, நீயாவது போயிட்டு வா” என்றேன்.

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது: “ஏட்டி, இன்னைக்கு ஒரு நாளாவது சைரன் கேக்காம தூங்க விடு. எனக்கு அதாம்ட்டி சொதந்திரம்.”

நான் ஊருக்குக் கிளம்பினேன். நாகரசம்பட்டியிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே போனால் எங்கள் ஊர். கொடி வணக்கத்துக்காகப் போகவில்லை. காலையில் ஊருக்குள் வந்துகொண்டிருந்த டவுன் பஸ் ஜூன் மாதத்தோடு நின்றுவிட்டது. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் தங்கை சுதா, மாந்தோப்புகளுக்கு நடுவே மெயின்ரோடு வரை நடந்து போய் வேறு பஸ் பிடிக்கிறாள். அவளோடு நடந்து போன இரண்டு பெண்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். “ஆவணி பொறக்கட்டும், அதுக்குள்ள பஸ்ஸு வரலன்னா இவளும் வூட்ல இருக்கட்டும்” என்று அப்பா சொல்லிவிட்டார். ஆவணிக்கு இன்னும் இரண்டே நாள். சுதந்திர தினத்தன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடும். அதில் பஸ்ஸுக்குத் தீர்மானம் போட வேண்டும் என்று அம்மாவிடம் போனில் பேசி வைத்திருந்தேன்.

ஆறு மணி. ஓசூர் பேருந்து நிலையம். கிருஷ்ணகிரி ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். கண்டக்டர் சட்டைப் பையில் காகிதக் கொடி குத்தியிருந்தார். முன்சீட்டில் தெலுங்கு, பின்சீட்டில் கன்னடம், என்னிடம் தமிழ் என்று மாறி மாறிப் பேசிக்கொண்டே டிக்கெட் கிழித்தார். நெடுஞ்சாலை முழுக்க கர்நாடகா பதிவெண் கார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு சேர்ந்தாற்போல லீவு. முன்கண்ணாடிக்குப் பின்னால் பிளாஸ்டிக் கொடியும், கூரையில் கட்டிய பெட்டிகளுமாக ஏற்காட்டுக்கோ பாண்டிச்சேரிக்கோ பறந்துகொண்டிருந்தார்கள்.

“பாத்தியாம்மா, பெங்களூரே காலியாயி வருது” என்றார் கண்டக்டர்.

“உங்களுக்கு லீவு இல்லீங்களா அண்ணா?”

“எனக்கு லீவு விட்டா நீ எப்டி ஊருக்குப் போவ?”

சூளகிரி மலை பனியில் பாதி தெரிந்தது. சாலையோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியார் கொடிக்கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது போதும், மனசு பின்னால் ஓடிவிட்டது. ஆகஸ்ட் பதினாலு இரவு அம்மா என் வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டு, செம்பில் நெருப்புக்கங்கு அள்ளிப் போட்டுத் தேய்ப்பாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிச் சீருடை போட்ட முதல் உடம்பு என்னுடையது. அதில் சுருக்கம் இருக்கக் கூடாது அவளுக்கு. மறுநாள் கொடி அவிழும்போது உள்ளே மடித்து வைத்த செவ்வந்தி இதழ்கள் எங்கள் தலையில் விழும். ஆரஞ்சு மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வீடு வரை கரையாமல் கொண்டுபோகப் பந்தயம் கட்டுவோம். நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. வெள்ளைக்காரன் போனது எப்போது, ஏன் போனான் என்பதெல்லாம் ஒப்பிப்பேன். ஆனால் அந்த நாளில் நெஞ்சு நிமிர்ந்ததற்குக் காரணம், அந்த மைதானத்தில் நானும் நிற்கிறேன் என்பதுதான். இன்று என்னிடம் முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருக்கிறது. லைனில் முப்பது பேர் என் பேச்சைக் கேட்கிறார்கள். இருந்தாலும் அந்தக் கஞ்சிச் சட்டையின் மொரமொரப்பு வேறு எந்தத் துணியிலும் இல்லை.

ஏழு மணி தாண்டியதும் அம்மா போன் செய்தாள்.

“வந்து என்னா பண்ணப் போற? ஊர்ல ஆம்பளைங்க ஒருத்தரும் இல்ல. அப்பா, சித்தப்பன், மேலத்தெரு, கீழத்தெரு, எல்லாம் ஆட்டை ஏத்திக்கினு குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போயிட்டாங்க.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை சந்தை. அதுவும் ஆடி கடைசி வெள்ளி. அம்மன் கோயில்களுக்குக் கிடா வெட்டுகிற நாள். ஆட்டுக்கு இதைவிட நல்ல விலை வேறு என்றைக்கும் கிடைக்காது. கிராம சபைக்கு நூறு பேர் உட்கார வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் வருவார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போவது பழக்கம். ஆள் இல்லையென்றால் கூட்டத்தைத் தள்ளி வைத்துவிடுவார்கள். அதற்குள் ஆவணி பிறந்துவிடும்.

“குந்தாரப்பள்ளில நிறுத்துங்கண்ணா” என்றேன்.

“டிக்கெட்டு கிருஷ்ணகிரிக்கு எடுத்துட்டியேம்மா?”

“பரவால்லீங்கண்ணா.”

சந்தையில் ஆட்டுப் புழுக்கை வாடையும் டீ வாசனையும் கலந்து வந்தன. வியாபாரிகள் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் கையும் ஒரு துண்டுக்குள் இருந்தது. என்னைப் பார்த்ததும் கையை உருவிக்கொண்டார்.

“இன்னா பாப்பா, இங்க எங்க வந்த?”

“கிராம சபைக்கு ஆள் கூட்டிட்டுப் போக வந்தேன்.”

வியாபாரி சிரித்தார். “இன்னாய்யா, உம்பொண்ணு கலெக்டரா?”

“கலெக்டர் இல்ல” என்றார் அப்பா. “எங்க வம்சத்துல மொதோ இன்ஜினீரு.” சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “ஏங் கண்ணு, இன்னிக்கு விட்டா இந்தக் கெடாவுக்கு எவன் வெலை குடுப்பான்? நானு போயி கேட்டா மட்டும் பஸ்ஸு விட்டுடுவானா?”

“கேட்டா விடுவானான்னு தெரியாதுப்பா. ஆனா கேட்கவே இல்லைன்னா சுதாவை நிறுத்தறது பஸ்ஸு இல்ல, நீதான்.”

அப்பா கிடாவின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். சித்தப்பா டீ கிளாஸோடு வந்தார். “வாண்ணா, போலாம். நம்மாளுங்க கம்மியா இருந்தா ஆட்டையும் சேத்து உக்கார வெச்சிரலாம், கணக்கு சரியாயிடும்.”

சுற்றியிருந்த எங்கள் ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். சிலருக்கு ஆடு விற்றுவிட்டிருந்தது, சிலருக்கு இல்லை. “போங்கடா, கொடிநாளு அதுவுமா பாப்பா வந்து கூப்புடுது” என்று ஒருவர் வண்டியில் ஏறினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஏறினார்கள். காலையில் ஆடு ஏற்றி வந்த இரண்டு மினி லாரியும் நிறைந்தன. கடைசியாக அப்பா, விற்காத கிடாவைத் தூக்கி ஏற்றிவிட்டு ஏறினார். என்னை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். எல்லாரையும் சேர்த்துக் கிளம்புவதற்குள் மணி பத்தாகிவிட்டது.

பதினொன்றரைக்கு ஊர் சேர்ந்தோம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சாமியானா. கம்பத்தில் கொடி ஏறியிருந்தது. இதழ்கள் தரையில் காய்ந்துகொண்டிருந்தன. ஊராட்சிச் செயலர் மைக்கைப் பிடித்து, “போதிய வருகை இல்லாத காரணத்தால்” என்று ஆரம்பித்திருந்தார். எங்கள் அம்மா வாசல் பக்கம் கையை விரித்து நின்று, கையெழுத்துப் போட்ட பெண்கள் எழுந்து போகாமல் மறித்துக்கொண்டிருந்தாள். “செத்த குந்துங்கடி, சோறு எங்கயும் ஓடிடாது.”

நாங்கள் இறங்கிப் போய் உட்கார்ந்தோம். செயலர் எண்ணினார். போதும் என்று தலையசைத்தார்.

வரவு செலவு வாசித்து முடித்ததும் அம்மா எழுந்தாள். வாழ்நாளில் மைக் பிடித்ததில்லை. அன்றும் பிடிக்கவில்லை, அது இல்லாமலே தெரு முழுக்கக் கேட்டது. “காலைல பஸ்ஸு வேணும். பொண்ணுங்க பள்ளிக்கூடம் போவணும். அவ்ளோதான்.”

மேற்பார்வைக்கு வந்திருந்த அலுவலர், “தீர்மானத்துக்கு ஆதரவா இருக்கறவங்க கை தூக்குங்க” என்றார்.

பெண்கள் உடனே தூக்கினார்கள். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்பா ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், இடது கையில் கிடாவின் கயிறு. வலது கையை மெதுவாகத் தூக்கினார். ஓட்டுப் போடுவதைத் தவிர வேறு எதற்கும் அரசாங்கத்தின் முன்னால் அவர் கை நீண்டு நான் பார்த்ததில்லை. சித்தப்பா தூக்கினார். பிறகு எல்லாரும். கிடா ஒருமுறை கத்தியது. “அதுவும் ஆதரவுங்க, எழுதிக்குங்க” என்றார் சித்தப்பா. அலுவலரும் சிரித்துவிட்டார். தீர்மானத்தை மைக்கில் படித்துக் காட்டினார்கள்.

மாலை நான்கரைக்கு நான் ஓசூருக்குக் கிளம்பினேன். அப்பா மொபெட்டை எடுத்தார். மெயின்ரோடு வரை என்னைக் கொண்டுவிட, சுதாவும் பின்னால் தொற்றிக்கொண்டாள். மாந்தோப்புகளில் காய்ப்பு முடிந்து இலை மட்டும் அடர்ந்திருந்தது. காலையில் கார்களைப் பார்த்து, இவர்களுக்குச் சுதந்திரம் என்றால் சுற்றுலா என்று மனசுக்குள் சலித்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஊருக்கு அது சந்தை, முத்துலட்சுமிக்குத் தூக்கம். யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை இப்போது. கிடைக்கிற ஒரு நாளில் ஒவ்வொருவரும் தனக்கு இல்லாததைத்தான் தேடுகிறார்கள். எனக்கு மட்டும் அந்த மைதானம் சின்ன வயதிலேயே கிடைத்துவிட்டது. சுதாவுக்கும் அது கிடைக்க வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு வேறு தேசபக்தி தெரியவில்லை.

மெயின்ரோட்டில் இறங்கினேன். தீர்மானம் எழுதியதால் பஸ் நாளைக்கே வந்துவிடாது, எனக்குத் தெரியும். ஆவணியைப் பற்றிக் கேட்கலாமா என்று தயங்கினேன். அப்பா மொபெட்டை ஊர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே சுதாவிடம் பேசினார்.

“ஊரு முன்னால கையத் தூக்கிட்டேன். இனிமே உன்ன வூட்ல வெச்சா காறித் துப்புவானுங்க. பஸ்ஸு வர்ற வரைக்கும் நாந்தான் கொண்டாந்து விடணும். திங்கக்கெழமை வெடியவே ரெடியாயிரு. லேட்டு பண்ணுனா வுட்டுட்டு வந்துருவேன், ஆமா.”