யோகம் ரீச்சர் சொல்லாத பாறை

வென்ட்வேர்த்வில் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது யோகம் ரீச்சரின் மகன் சுதன் அழைத்தான். "அன்ரி, அம்மா விடியப்புறம் மோசம் போயிட்டா." கடையென்றும் பாராமல் அழுதேன். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டான். எழுதுகிறேன். ஆனால் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

கானாவில் ஒரே பள்ளிக்கூடத்தில் அவர் பௌதிகமும் நான் இரசாயனமும் படிப்பித்தோம். அங்கே மழைக்காட்டுக்குள் ஒரு பாறையை வேட்டைக்காரர் ஒருவர் அவருக்குக் காட்டினார். பாறையின் அடிவயிற்றில் சேற்றுக் கிண்ணங்கள் ஒட்டியிருந்தன. எல்லாம் ஒரு பறவையின் கூடுகள். மயிரில்லாத மஞ்சள் தலை, வெள்ளைக் கழுத்து, நீண்ட கால்கள். அதிகம் பறக்காது, நிலத்தில் தத்தித் தத்திப் போகும். எறும்புப் படை கிளம்பினால், அதற்குப் பயந்தோடும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். ஆள் வாடை பட்டால் மறைந்துவிடும். அது அடைய வரும் பின்னேரங்களில் ரீச்சர் நுளம்பைக்கூட அடிக்காமல் குந்தியிருப்பார்.

அந்த இடத்தை அவர் எனக்கு மட்டும்தான் சொன்னார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? நாலு ஆசிரியர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். படம் வடிவாக வரவேண்டுமென்று அவர்கள் பாறைக்கு முன்னால் தொங்கிய கொடிகளை வெட்டினார்கள். முட்டைகளை விட்டுப்போன பறவைகள் திரும்பி வரவேயில்லை.

"அது தன்னைக் காட்டேல்லை. நாங்கள்தான் போய்ப் பாத்தனாங்கள். பாத்த ஆக்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவேணும்" என்றார் ரீச்சர். ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அடுத்த வருடம் வேறொரு பாறையைக் கண்டுபிடித்தார். அது எங்கே என்று கடைசிவரை சொல்லவில்லை. சொல்லாதது சரிதான்.

கானாவை விட்டு இந்த நாட்டுக்கு வந்தபிறகு, மேய்ஸ் ஹில் கோயில் வாசலில் ஒருவர், முழங்கை நீள லென்ஸ் பூட்டிய கமெராவோடு, "ரீச்சர், இடத்தை மட்டும் சொல்லுங்கோ, ஒரேயொரு படம்" என்று கெஞ்சினார். "உம்மட குளியலறை யன்னலுக்கு வெளியிலை நான் கமெராவோடை நிண்டால் பரவாயில்லையோ?" என்று கேட்டார் ரீச்சர். மனிதர் வடை வாங்கப் போய்விட்டார்.

அதே மனிதர்தான் இப்போது இந்த மலரை வடிவமைக்கிறார்! போன கிழமை சுதனின் டூங்கபி வீட்டில் ரீச்சரின் கொப்பியைப் புரட்டினார். இரண்டாவது பாறைக்குப் போகும் வழி, ரீச்சர் தன் கையாலே கீறிய படமாக அதில் இருந்தது. வழியைப் பார்த்துவிடக் கூடாதென்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "அட்டையிலை போடுவம், இன்ரநெற்றிலையும் விடுவம்" என்றார் அவர். வேண்டாம் என்று கத்தினேன்.

"ஒரு குருவிதானே அன்ரி. ஆர் இனிக் கானாவுக்குப் போகப்போகினம்?" என்றான் சுதன்.

ஆர் போவார்கள் என்றா கேட்கிறாய்? ஒரு படத்துக்காகக் கடல் தாண்டிப் போகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பெற்ற தாய் ஆயுள் முழுக்கக் காத்த வாயை, அவர் கண்மூடி ஒரு மாதம் ஆகுமுன்னே திறந்துவிடப் பார்த்தீர்களே, வெட்கமாக இல்லையா?

சுதன், அந்தப் பக்கத்தை வீடு முழுக்கத் தேடுகிறாயாம். தேடாதே. நீங்கள் குசினியில் தேத்தண்ணி குடித்த நேரம் கிழித்தது நான்தான். நான் எழுதிய இந்தப் பக்கத்தை அச்சில் போடுவதும் விடுவதும் உன் விருப்பம்.

ரீச்சருடையதென்று என்னிடம் இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான். நாலாக மடித்து வைத்திருக்கிறேன். இன்றுவரை விரித்துப் பார்க்கவில்லை.