அண்ணையின் பெயரில் காத்த கோல்

பந்தடியில் பத்துப்பேர் பிழைவிட்டால் அது விளையாட்டு; கோல்கீப்பர் பிழைவிட்டால் அது ஊர்க்கதை. கோல் காத்துப் பேச்சு வாங்கினவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு மிஞ்சியிருக்கிற நாலு பல்லும் இன்றைக்கே கொட்டுண்டு போகட்டும். போனமுறை இப்படிச் சத்தியம் பண்ணியபோது ஆறு பல் இருந்தது. அது தற்செயல்.

பருத்தித்துறைக்குப் போன பந்து

அறுபதுகளின் தொடக்கம். கல்லூரியில் இல்லப் போட்டி. நான் நீல இல்லத்துக்குக் கோல். என் இடக்கால் அப்போதே பெயர் பெற்றது. வெறுங்காலால் ஓர் அடி அடித்தேன். கச்சான் காற்றும் சேர்ந்துகொள்ள, பந்து மதிலைத் தாண்டி, றோட்டில் போன பஸ்சின் மேல்தட்டில் நீர்வேலி வாழைக்குலைகளுக்கு நடுவில் போய்க் குந்திவிட்டது.

கல்லூரியிலே காற்று நிற்கிற பந்து அது ஒன்றுதான். இரண்டு இல்லமும் வேப்பமரத்துக்குக் கீழே படுத்துவிட்டது. விளையாட்டு மாஸ்ரர், "இப்பிடி ஒரு இடக்காலை நான் வேறை ஒருத்தரிட்டையும் காணேல்லை" என்று சொல்லிச் சொல்லி மதிலடியில் நடந்தார். இரண்டு மணித்தியாலம் கழித்து அதே பஸ் திரும்பி வந்தது. கொண்டக்டர் பந்தை நீட்டிச் சொன்னார்: "மாஸ்ரர், உங்கடை ஆள் பருத்தித்துறைக் கடலையும் பாத்திட்டு வந்திட்டார்."

நான் ஆரென்று மறந்தது

எங்கள் கல்லூரியில் ஒரு கடும் சட்டம் இருந்தது. கல்லூரி அணியில் விளையாடுகிறவன் வெளிக் கழகத்துக்கு விளையாடக்கூடாது. பிடிபட்டால் அணியிலிருந்து நீக்கம். கல்லூரி அணிக்கும் நான்தான் கோல். எனக்கோ ஒரே ஆசை, வருசக் கடைசியில் மற்றக் கல்லூரியோடு நடக்கிற பெரிய ஆட்டத்தில் கோல் காப்பது. ஆனால் ஊர்க் கழகத்துக்கு வேறு கோல்கீப்பர் இல்லை. பதிவிலிருந்த என் அண்ணை இராசரத்தினம் கொழும்பில் கந்தோர் வேலைக்குப் போய்விட்டார். கழகக் கப்டன் யோசித்தார்: பெயர் அண்ணையுடையது, கால் தம்பியுடையது.

முதல் ஆட்டம் கரவெட்டியில். கப்டன் முன்னால் நின்று, "இராசரத்தினம், இடப்பக்கம்" என்று கத்துகிறார். எந்த இராசரத்தினம் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். பந்து உள்ளே போய்விட்டது. கப்டன் என் காதைப் பிடித்துச் சொன்னார்: "பந்தைப் பிடிக்காட்டிலும் காரியமில்லை. நீ ஆரெண்டதை மட்டும் பிடிச்சு வைச்சிரு."

வேலியோரத்து வெற்றிலை

அதற்குப் பிறகு ஐந்து ஆட்டத்தில் ஒரு கோலும் விடவில்லை. இணுவில் ஆட்டம் முடிந்ததும், வேலியோரம் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்ற பெரியவர் ஒருவர் கிட்ட வந்தார்.

"தம்பிதானே இராசரத்தினம்? கொழும்பிலை கிளாக்கர் எண்டு சொல்லிச்சினம்."

எதிர் அணிக்காரர் பக்கத்தில் நின்றார்கள். வேறு வழியில்லை. "ஓம் ஐயா."

"வயசு?"

"இருபத்தேழு." எனக்குப் பத்தொன்பது.

"பாத்தால் சின்னனாய்க் கிடக்கு."

"கொழும்புத் தண்ணி அப்பிடி, ஐயா."

அவர் என் தோளை, நல்ல மாட்டைத் தட்டுவதுபோல, இரண்டு தரம் தட்டினார். "எனக்கொரு மகள் இருக்கிறா. வாற கிழமை வந்து உங்கடை அம்மாவிட்டைச் சாதகம் வாங்கிறன்."

இறுதி ஆட்டம்

இறுதி ஆட்டத்துக்கு மத்தியஸ்தராக வந்து நின்றவர் எங்கள் விளையாட்டு மாஸ்ரர். பெரிய ஆட்டத்துக்கு இன்னும் பத்து நாள்தான். பல்வலிக்காரன்போல நாடியைச் சுற்றித் துவாயைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மாஸ்ரர் பட்டியலைப் பார்த்து "இராசரத்தினம்" என்றார். "ஓம்" என்றேன், அண்ணையின் குரலில். முகத்தை மறைக்கலாம்; இடக்காலை எப்படி மறைப்பது? ஆட்டம் முழுக்க வலக்காலாலேயே அடித்தேன். ஓர் அடியும் நடுக்கோட்டைத் தாண்டவில்லை.

கடைசி நிமிடம். ஒன்றுக்கு ஒன்று. பந்து என் கையில். வேலியோரம் அந்த இணுவில் பெரியவர், "கொழும்பாருக்கு இண்டைக்குக் கால் சரியில்லை" என்றார். பெரிய ஆட்டம், சட்டம், மாஸ்ரர் எல்லாம் ஒரு கணம் கண்ணுக்கு முன்னால் வந்து போனது. என்னால் பொறுக்க முடியவில்லை. இடக்காலால் கொடுத்தேன். பின்னாலே கச்சான் காற்று. எதிர்க் கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து சுருட்டுப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். பந்து போன காற்றில் நெருப்புக்குச்சி அணைந்தது. அப்போதுதான் அவருக்குக் கோலென்று தெரிந்தது.

மாஸ்ரர் நீளமாக விசில் ஊதிவிட்டு நேரே என்னிடம் வந்தார். மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "நல்லாய் அடிக்கிறியள், இராசரத்தினம். உங்கடை தம்பியார் எங்கடை கல்லூரியிலைதான் படிக்கிறார். திங்கட்கிழமை காலமை என்னை வந்து காணச் சொல்லுங்கோ."

பெரிய ஆட்டம்

திங்கட்கிழமை போனேன். "கொண்ணை சொன்னவரோ?" என்று அண்ணையைப் பற்றிக் கேட்டார். "ஓம் சேர்" என்றேன். "அப்ப மிச்சமும் உமக்குத் தெரியும்" என்று பட்டியலில் என் பெயரை வெட்டினார். சட்டம் அவருக்கும் சட்டம்தான். வெட்டிய பேனையை வெகுநேரம் மூடாமல் வைத்திருந்தார்.

பெரிய ஆட்டத்தன்று கோலுக்குப் பின்னால், சனத்தோடு சனமாக இருந்தேன். எனக்குப் பதிலாக நின்றவன் நல்ல பிள்ளை. பந்து வந்தால் வழிவிடுவான். மூன்றாவது கோலும் விழுந்ததும் மாஸ்ரர் மெல்ல என் பக்கத்தில் வந்து இருந்தார். மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "கொண்ணையை எண்டாலும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்."

படத்திலே இருப்பவர்

சாதகம் பொருந்த, அண்ணை லீவில் வந்து பெண் பார்த்தார். கொழும்புச் சாப்பாட்டில் அவருக்கு நல்ல வண்டி வயிறு. இணுவில் பெரியவர் கொஞ்சம் திகைத்தார். பிறகு தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்: பந்தடியை விட்டவர்கள் கெதியாக உடம்பு வைப்பார்கள். கல்யாணம் நடந்தது.

கழகம் கிண்ணத்தோடு எடுத்த படம் அண்ணை வீட்டுச் சுவரிலே தொங்குகிறது. முகம் என்னுடையது, கீழே பெயர் அவருடையது. அண்ணையின் மனுசி, என் மச்சாள், வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவா. போன கிழமையும் காட்டினா. அண்ணை பேப்பருக்குள் முகத்தைப் புதைத்தார். நான் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சாள் வந்தவர்களிடம் சொன்னா: "இவர் அந்த நாளையிலை எவ்வளவு மெல்லிசு பாருங்கோ. தம்பியாருக்குத்தான், பாவம், பந்தடி வராது."

ஒரே வருசத்தில் இரண்டு அணிக்குக் கோல் காத்து, இரண்டு பட்டியலிலும் பெயரில்லாமல், ஒரு பொம்பிளையையும் அண்ணைக்கு எடுத்துக் கொடுத்தவன் நான். ஆனால் இதை உங்களுக்கு ஆர் சொன்னது என்று, முக்கியமாக இணுவில் பக்கத்தில், ஒருவருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.