எர்மெலிந்தோ நட்ட வேலி

என் அக்கா பசிலியாவின் புருஷன் எர்மெலிந்தோ தூஸ் சாதாரணமாகப் பேசினாலே கத்துவது போலிருக்கும். இருபத்திரண்டு வருஷம் மரம் அறுக்கும் மிஷினோடு வாழ்ந்ததில் இரண்டு காதும் மங்கிவிட்டன. எங்கள் ஊரான சான் அகாலில் வீடு கட்ட உத்திரம் வேண்டுமென்றாலும், பண்ணைக்காரருக்குக் காடு மேய்ச்சல் நிலமாக வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊர் நோச்சேனுக்கும் நடுவில் இருந்த காட்டை ஒரே கோடையில் சாய்த்தவரும் அவர்தான். நான் பெட்ரோல் கேன் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். நோச்சேனில் சோளம் அரைக்கும் மில் வைத்திருந்த க்ளெமென்தினா போட் ஒரு நாள் வந்து, வெட்டிய மரங்களுக்கு நடுவில் நின்று கத்தினாள்.

"யோவ் மரந்தின்னி! என் தேனீயெல்லாம் இனிமே எங்கய்யா போய்ப் பூ பாக்கும்?"

மிஷின் சத்தத்தில் மச்சானுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சிரித்துக் கையாட்டினார். அவள் தரையில் துப்பிவிட்டுத் திரும்பிப் போனாள். அதற்கப்புறம் எங்கள் ஊர்க்காரர் யார் சோளம் கொண்டுபோனாலும் அவள் அரைத்துக் கொடுப்பதில்லை.

அந்த வேலை முடிகிற நாளில் எங்கள் ஊர் ஓரத்தில் ஒரு பெரிய மரம் விழுந்து பிளந்தது. புளிப்பும் இனிப்புமாய் ஒரு வாசனை எழுந்தது. தேனீக்கள் அவர் முகத்தை மொய்த்தன. புருவத்தில், மீசையில், தலைமயிருக்குள் புகுந்தன. ஒன்றுகூடக் கொட்டவில்லை. கொட்டுவதற்கு அவற்றுக்குக் கொடுக்கே இல்லை. ஷூனான் காப், சீமாட்டித் தேனீ என்று நாங்கள் சொல்வது அவற்றைத்தான். மச்சான் மிஷினை அணைத்துவிட்டு அடிமரத்தில் கன்னத்தை வைத்துப் படுத்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"என்ன மச்சான்?"

"பல்லுக்குள்ள யாரோ பாடுறாங்கடா," என்றார். அன்றுதான் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

கூடு இருந்த துண்டை மட்டும் இரண்டு பக்கமும் அறுத்தெடுத்து, பிளந்த இடத்தைச் சேறு பூசி மூடினோம். வெளியே போனதெல்லாம் திரும்பட்டும் என்று சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்து, வாசல் துளையை இலையால் அடைத்து, கம்பில் கட்டித் தோளில் சுமந்து வந்தோம்.

"விறகா?" என்றாள் பசிலியா.

"விருந்தாளி," என்றார் மச்சான்.

பிறகு அவர் மிஷினைத் தொட்டது குறைந்துபோனது. கூரைக்கடியில் கிடத்திய மரத்துண்டின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். விரல்நுனி அளவு வாசலை ஒரே ஒரு தேனீயின் முகம் அடைத்துக்கொண்டிருக்கும். வருகிறவளுக்கு விலகி வழிவிட்டு மறுபடியும் வந்து அடைத்துக்கொள்ளும். பட்டணத்தில் நடந்த தேனீ வளர்ப்பு வகுப்பில் நான் கேட்டு வந்ததை அவரிடம் சொன்னேன்: உள்ளே மெழுகு அறை ஒவ்வொன்றிலும் குஞ்சுக்கு வேண்டிய சோறு முழுவதையும் வேலைக்காரிகள் நிரப்புவார்கள், அதன்மேல் ராணி ஒரு முட்டை வைப்பாள், உடனே மூடிவிடுவார்கள், பிள்ளை வளர்ந்து வெளியே வரும்வரை யாரும் திறக்க மாட்டார்கள்.

ஐந்து பிள்ளை பெற்ற பசிலியா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "மொத்தச் சோத்தையும் ஒரே தடவையா வச்சுட்டுக் கதவைச் சாத்திடுறாளா? குடுத்து வச்சவ!"

குஞ்சுகள் முதிர்ந்த அடைகளை உள்ளே குடைந்த வேறு மரத்துண்டுகளுக்கு மாற்றி மாற்றி வைத்ததில், நாலு வருஷத்தில் ஒரு கூடு நாலானது. ஐந்தாம் வருஷம் இரண்டு கூடுகள் அடங்கிப்போயின. மச்சான் கன்னத்தை வைத்து வைத்துப் பார்த்தார். பல்லில் ஒன்றும் பாடவில்லை. மூன்றாவதன் வாசலில் செத்த தேனீக்கள் குவிந்தன. அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் செத்தவற்றை ஒரு சுரைக்குடுவையில் போட்டுக்கொண்டு, "நோச்சேனுக்கு வா," என்றார்.

மேய்ச்சல் நிலம் வெயிலில் நீர் போல் அசைந்துகொண்டிருந்தது. மாட்டுத்தொட்டி அருகே விட்டுவைத்த ஒரு கிழட்டு மரத்தைத் தவிர வேறு நிழல் கிடையாது. அவர் நேராக நடக்கவில்லை. வெறும் புல்லில் வளைந்து வளைந்து, எதையோ சுற்றிக்கொண்டு போனார்.

"நேரா வாங்களேன் மச்சான்."

"இங்க ஒரு சப்போட்டா நின்னுச்சு," என்றார். கொஞ்ச தூரம் போய், "இங்க ரெண்டு ஜபீன்." காடு முழுவதும் அவர் தலைக்குள் அப்படியே நின்றது. அன்று நானும் அவர் பின்னால் அந்த மரங்களைச் சுற்றிச் சுற்றியே நடந்தேன்.

மில் வாசலில் க்ளெமென்தினா எங்களைப் பார்த்து உள்ளே போகத் திரும்பினாள். மச்சான் குடுவையை நீட்டினார். அவள் ஒரு கணம் தயங்கி, தேனீக்களை உள்ளங்கையில் கொட்டி விரலால் புரட்டினாள்.

"எல்லாம் ஆம்பிளை. பாரு, பின்னங்கால்ல பூந்தூள் கூடை இல்ல. எத்தனை கூடு வச்சிருக்கே?"

"நாலு இருந்துச்சு. எல்லாம் ஒண்ணுலேர்ந்து பிரிச்சதுதான்."

"ஒரே ஆத்தா பெத்த மக்க! அண்ணனும் தங்கச்சியும் கூடுனா, பொண்ணாப் பொறக்க வேண்டியதுல பாதி ஒண்ணுக்கும் உதவாத ஆம்பிளையாப் போயிடும். வேலைக்காரிங்க அந்த ராணியையே கொன்னு போட்டுருவாங்க. வெளியூர் மாப்பிள்ளை வேணும்யா."

"உங்க வீட்டு மாப்பிள்ளைங்க அங்க வர மாட்டாங்களா?"

"எப்படி வருவாங்க? நடுவுல ஒரு மரம் இருக்கா? யாரு வெட்டுனது?"

மச்சான் தன்னையே சுட்டிக் காட்டினார்.

"அன்னைக்கு நான் அந்தக் கத்து கத்துனேன். சிரிச்சுக் கையாட்டினியே!"

"கேக்கலைங்க. தண்ணி வேணுமான்னு கேக்குறீங்கன்னு நெனச்சேன்."

க்ளெமென்தினா அவரையே பார்த்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள்; சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "செவிட்டுப் பயலுக்கா அஞ்சு வருஷம் மாவு அரைக்காம இருந்தேன்!"

ஒரு கூட்டைத் தருவதாகச் சொன்னாள். அதற்கு அவள் கேட்டது ஒன்றுதான்: இரண்டு ஊருக்கும் நடுவில் மரம் வேண்டும்.

அந்த மேய்ச்சல் நிலத்துப் பண்ணைக்காரரின் வேலிக்கம்புகள் உளுத்துப்போயிருந்தன. கூலி வேண்டாம், உயிர்க்கம்பு நட்டுத் தருகிறேன் என்று மச்சான் கேட்க, அவர் சம்மதித்தார். சாக்கா மரத்தின் கிளையை வெட்டி மண்ணில் சொருகினால் போதும், மழைக்குத் துளிர்த்துவிடும். அதன் பிசினைத் தேனீக்கள் கூடு பூச எடுத்துப் போகும். அதே மிஷினால் கிளை வெட்டி, மூன்று மழைக்காலம் மச்சான் வேலி நட்டார். இடையிடையே ஜபீன் கன்றுகள் வைத்தார். மாடு கடித்த இடத்தில் திரும்பவும் வைத்தார். நோச்சேன் முனையிலிருந்து க்ளெமென்தினா நட்டுக்கொண்டு வந்தாள். நடுவில் சந்தித்த நாளில் இருவரும் ஒரு புட்டியிலிருந்த சோளக் கஞ்சியை மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

க்ளெமென்தினா தந்த கூட்டின் ஆண்களால் எங்கள் கூடுகள் தேறின. வேலி தலைக்கு மேல் உயர்ந்து பூத்த வருஷம், மாட்டுத்தொட்டி அருகே பண்ணைக்காரர் நிழலுக்கு விட்டிருந்த கிழட்டு மரத்தின் பொந்தில் தேனீக்கள் போய்வந்தன. எங்கள் கூட்டிலிருந்து வேலி ஓரமாகவே ஒரு மெல்லிய நூல் போலப் பறந்தன. பழைய வீட்டு மெழுகையும் தேனையும் புதுவீட்டுக்குச் சுமந்தன. அப்படிப் பல நாள் நடந்தது. ஒரு காலையில் நாங்கள் மூவரும் போய் நின்றபோது, நோச்சேன் பக்கமிருந்து வேலியோடு வந்த ஆண்கள் பொந்தின் முன்னால் புகைபோல் மிதந்தார்கள். இளம் ராணி எங்கள் தலைக்கு மேல்தான் போயிருக்க வேண்டும். யாருக்கும் கண்ணில் படவில்லை.

க்ளெமென்தினா மச்சானின் காதருகே போய்க் கத்தினாள்: "இந்தக் கூடு யாருதுய்யா? உன்னுதா, என்னுதா?"

"மெதுவாப் பேசுங்க," என்றார் அவர். மரத்தில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். "உள்ள குடிபுகுந்துட்டு இருக்காங்க."