மொட்டைத் தலையோடு ஆஸ்பத்திரிக்கு

நான் கல்யாணமாகிப் பினாங்குக்கு வந்த புதிதில் எங்கள் வீட்டுக்காரர் வாயை மூடவே மாட்டார். துறைமுகத்தில் தொங்கான் படகுகளிலிருந்து இறங்கும் மூட்டைகளுக்குக் கணக்கு வைக்கும் கிராணி வேலை அவருக்கு. சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, எந்தக் கப்பலில் யார் யாரோடு மல்லுக்கு நின்றான் என்று ஆரம்பித்துவிடுவார். அதில் பாதி புளுகு. "கொஞ்சம் மூச்சு விட்டுட்டுப் பேசுங்களேன்" என்று நானே அதட்டியிருக்கிறேன். சந்தோஷம் என்பது அந்தச் சத்தம்தான் என்று அப்போது யாருக்குத் தெரிந்தது?

ரப்பர் விலை விழுந்த வருஷங்களில் அவருக்கும் வேலை போயிற்று. தோட்டத்து ஆட்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த கஷ்டமில்லை. முதலில் தினமும் துறைமுகத்துக்குப் போய் வேலை கேட்டுவிட்டு வந்தார். பிறகு போவதை நிறுத்தினார். அப்புறம் பேச்சையும் நிறுத்திவிட்டார். சோற்றைப் போட்டு வைத்தால் ஈ மொய்க்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு மாவரைத்துக் கொடுத்து அடுப்பை எரிய வைத்தேன்.

பசிகூடப் பெரிதாகத் தெரியவில்லை. பயம்தான் என்னைத் தின்றது. புத்தி கலங்கியவர்களைப் படகில் அக்கரையிலுள்ள பிறைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ரயிலேற்றிப் பெரிய பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள், போனதும் முதல் வேலையாகத் தலையை மழிப்பார்கள், போனவர்கள் திரும்புவதில்லை என்று எங்கள் தெருவில் பேச்சு. நிஜமோ பொய்யோ, நான் அதை நம்பினேன். யார் கேட்டாலும் "காய்ச்சல்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவிடம் மட்டும் அந்தப் புளுகு செல்லவில்லை.

"காய்ச்சக்காரன் மூஞ்சியா இது? தர்காவுல ஓதி நூல் கட்டு. உங்க தண்ணிமலை முருகனுக்கும் நேந்துக்க. டாக்டர்கிட்டேயும் காட்டு. சும்மா பூட்டி வைக்காதே லா!"

மூன்றையும் வரிசையாகச் செய்வது என்று முடிவு கட்டினேன். நூல் கட்டியாயிற்று. அடுத்தது முருகனுக்கு அவரை மொட்டையடிப்பது. குணமான பிறகுதான் நேர்த்திக்கடனைச் செலுத்துவார்கள். எனக்கு அதுவரை பொறுமை ஏது? கடனை முதலிலேயே செலுத்திவிட்டால் சாமி மறுக்க முடியாதே என்று கணக்குப் போட்டேன். முருகனையே அவசரப்படுத்தியவள் நான். எங்கள் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் நாவிதர் முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். சந்தனத்தைக் குழைத்து நானே தடவிவிட்டேன்.

மறுநாள் காலையில் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வாசல் வெயிலில் அந்தத் தலையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் மழிக்க வேண்டிய தலையை இங்கேயே மழித்துத் தயாராக அழைத்து வந்திருக்கிறேன்! அவசரமாக ஒரு துண்டைத் தலையில் சுற்றிவிட்டேன். உள்ளே கட்டுப் போடும் டிரஸ்ஸர், "துண்ட எடும்மா" என்று அதை உருவினார். "என்ன, அங்கேருந்து தப்பிச்சு வந்துட்டாரா?" என்று சிரிக்க வேறு செய்தார். அந்த ஆளை அறைய வேண்டும் போலிருந்தது.

டாக்டர் தமிழர். "தூக்கம் எப்படி?" என்று எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"நல்லாத் தூங்குவாருங்க" என்றேன் நான்.

"சாப்பாடு?"

"நல்லாச் சாப்பிடுவாருங்க."

"அப்புறம் எதுக்கும்மா இங்க கூட்டிட்டு வந்தே?"

நான் எங்கள் வீட்டுக்காரரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். யார் வந்து இழுத்தாலும் விடுவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். "நீ சும்மா இரு, அவரே சொல்லட்டும்" என்று டாக்டர் காத்திருந்தார்.

"என்னை வீட்டுக்கு அனுப்பாதீங்கய்யா."

எங்கள் வீட்டுக்காரரின் குரல்தான். மாதக்கணக்கில் காதில் விழாத குரல். பேசிவிட்டாரே என்று எனக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அவர் தரையைப் பார்த்தபடியே மேலே சொன்னார்.

"கடலப் பாத்தாப் பயமா இருக்கு. அதுக்குள்ளேயே போயிடலாம்னு தோணுது. அதான் துறைமுகத்துக்குப் போறதையே விட்டேன். இப்ப வீட்லேயும் அதே நெனப்பா இருக்கு."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "இங்கேயே வார்டுல வச்சுப் பாக்குறேன். சரிவரலேன்னா ரயிலேத்தி அங்க அனுப்ப வேண்டி வரலாம். பொய் சொல்ல மாட்டேன். உனக்குச் சம்மதமா?"



"எங்க வேணும்னாலும் அனுப்புங்கய்யா" என்றேன். "உசுரோட இருந்தாப் போதும்."

சொல்லிவிட்டேனே தவிர, அவர் கையை விடத்தான் என்னால் முடியவில்லை. கடைசியில் அவரே என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.