அடுப்பில் போட்ட மிரட்டல்

எமர்ஜென்சிக்கு முந்தி, காரைக்குடியில் டைப் அடித்துக்கொடுக்க ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர். ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அடிப்பார்.

என் மகன் பத்திரிகை நிருபர். ரேஷன் அரிசி கடத்தலைப் பற்றி எழுதினான். கடத்தியவர்களுக்கு வேண்டிய ஒரு வாரப் பத்திரிகை, "இனி எழுதினால் கை இருக்காது" என்று அவன் பேரைப் போட்டே அச்சடித்தது. டெல்லியில் பத்திரிகைகளை விசாரிக்கும் மன்றத்துக்குப் புகார் அனுப்பலாம் என்றார்கள். டைப் அடிக்க அவரிடம் போனேன்.

"அந்தப் பேப்பரை எடுங்க ஆத்தா. கூட வச்சு அனுப்பணும்."

"அந்தச் சொல்லு வீட்டுல இருக்கலாமாய்யா? மகனுக்குச் சுத்திப்போட்டு அடுப்புல போட்டுட்டேன்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "நல்லாருக்கு! மிரட்டுனவனுக்கு ஒத்தாசையா சாட்சிய நீங்களே எரிச்சுட்டு வந்திருக்கீக."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மேசைக்கடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். அதே பத்திரிகை!

"படிச்ச அன்னைக்கே எடுத்து வச்சுட்டேன். அந்தப் பிள்ள வீட்டுலருந்து யாராச்சும் வருவீகன்னு தெரியும்."

மன்றம் கண்டித்தது. அந்தப் பத்திரிகை வருத்தம் தெரிவித்து எழுதியது. மகன் பயமில்லாமல் வேலைக்குப் போனான். எல்லாம் முருகன் செயல். ஆனாலும், முன்பின் தெரியாத வீட்டுப் பிள்ளைக்காக அந்த மனிதருக்கு அப்படி ஏன் தோன்றியது என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.