ருபெர்த்தோவை எங்கே புதைத்தீர்கள்?

கியூபாவின் கிழக்கே எங்கள் நகரத்து மருத்துவமனையில் துணி வெளுத்தவள் செனாய்தா. அவளுக்குக் கோபம் வந்தால் டாக்டர்கள்கூடச் சலவைக்கூடத்துப் பக்கம் வர மாட்டார்கள்.

புரட்சிக்கு முன்னால் அவள் தம்பி ருபெர்த்தோவுக்குக் காசநோய் வந்தது. அப்போது இலவசப் படுக்கைக்கு அரசியல்வாதியின் சிபாரிசு வேண்டும். சிபாரிசுக்கு வீட்டிலுள்ள ஓட்டெல்லாம் அவருக்கே என்று எழுதிக் கொடுக்க வேண்டும். செனாய்தா கொடுத்தாள். படுக்கை கிடைத்தபோது தம்பிக்கு மூச்சு மட்டும்தான் மிச்சம்.

அவன் இறந்த மறுநாள் சவப்பெட்டியோடு போனாள். "உடலைக் கேட்டு யாரும் வரல. டாக்டருங்க அறுத்துப் பழகக் கொடுத்தாச்சு" என்றார்கள். அந்த நேரம் முழுக்க அவள் அதே மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் அவர்களுடைய விரிப்புகளைத்தான் துவைத்துக்கொண்டிருந்தாள்.

புரட்சி வந்ததும் பாதி டாக்டர்கள் அமெரிக்காவின் மயாமிக்குப் பறந்தார்கள். புதிய டாக்டர்கள் வேண்டுமென்று எங்கள் ஊரிலேயே மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். முதல் வகுப்பில் நானும் இருந்தேன். எங்கள் மருத்துவமனையின் பழைய டாக்டர்களில் ஊரைவிட்டுப் போகாத டாக்டர் லொசாதாதான் எங்களுக்கு உடற்கூறு ஆசிரியர். ஒருநாள் பேட்டைக் கூட்டத்தில், இறந்தபின் உடலைக் கல்லூரிக்குத் தரும்படி மக்களைக் கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

செனாய்தா எழுந்தாள். "அப்போ கேக்காம எடுத்தீங்க. இப்போ கைதட்ட வச்சுக் கேக்குறீங்களா?"

"உடல் இல்லாம பசங்க எப்படிம்மா படிப்பாங்க?"

"படிக்கட்டும். யாரை அறுக்கிறோம்னு தெரிஞ்சு அறுக்கட்டும்! என் தம்பிக்குப் பேரு இருந்துச்சு, டாக்டர்."

கூட்டத் தலைவர் குறுக்கிட்டார். "அது பழைய ஆட்சி பண்ணுன தப்பு, தோழர். உக்காருங்க."

"ஆட்சியா கத்தி பிடிச்சுச்சு? இந்த ஆளு பிடிச்சான்! கேளுங்க அவனை. ருபெர்த்தோவை எங்கய்யா புதைச்ச?"

லொசாதா மறுக்கவில்லை. தரையைப் பார்த்தபடி, "தெரியாது" என்றார்.

என் உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாள் மாணவர்கள் யாரும் வகுப்புக்குள் நுழையவில்லை. ஒரு வாரம் மிரட்டிப் பார்த்துவிட்டு நிர்வாகம் இறங்கி வந்தது: சொந்தக்காரர்கள் சம்மதிக்காமல் எந்த உடலும் மேசைக்கு வராது, பாடம் முடிந்ததும் பெயரோடு அடக்கம் செய்வார்கள்.

லொசாதாவை மட்டும் யாரும் ஒன்றும் செய்யவில்லை. கற்றுக்கொடுக்க வேறு ஆள் கிடையாது என்றார்கள். எங்களுக்கு அவரிடமே படிக்க வேண்டியிருந்தது. அந்த ஆத்திரம் எனக்கு இன்றும் ஆறவில்லை. செனாய்தா எல்லோருடைய வெள்ளை அங்கியையும் துவைத்தாள். லொசாதாவுடையதை மட்டும் அழுக்கோடு அப்படியே மேலே திருப்பி அனுப்பினாள், ஓய்வுபெறும் நாள்வரை.