தொட்டிக்கு மணி கட்டிய கதை

2014 ஏப்ரல் 12, சனிக்கிழமை, காலை 6.10. வானத்தில் பெயருக்கு ஒரு மேகம்கூட இல்லை. தீவில் மரைன் ஹில் பகுதியில் எங்கள் குடியிருப்பின் பதினாறு வீட்டுக்கும் ஒரே தொட்டி. மூன்று நாளுக்கு ஒருமுறை வரும் தண்ணீர் அன்று வந்தது.

அதற்கு முந்தைய முறை தொட்டி நிரம்பி 22 நிமிடம் வழிந்தது. எண்ணியவன் நான்தான். எண்ணிக்கொண்டிருந்ததால் மோட்டாரை நிறுத்த ஓடாதவனும் நான்தான்!

அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக, தொட்டிக்குள் ஒரு சென்சார் வைத்து, தொட்டி நிறைந்தால் கம்ப்யூட்டர் மணியடிக்க ஒரு புரோகிராம் செய்தேன். எழுதவில்லை, வரைந்தேன். திரையில் பெட்டிகளை வைத்து ஒயரால் இணைக்கும் ரகம். 41 பெட்டி, 63 ஒயர். என் லேப்டாப்பில் ஜோராக ஓடியது.

குடியிருப்புச் சங்க அலுவலகத்துக் கம்ப்யூட்டரிலும் அதே லினக்ஸ் இயங்குதளம்தான். பென் டிரைவைச் செருகி க்ளிக் செய்தேன். ஏழு முறை. ஒன்றும் நடக்கவில்லை. என்ன தப்பு என்று சொல்லும் மரியாதைகூட இல்லை. மாடியில் தொட்டி வழிந்துகொண்டிருந்தது...

சங்கச் செயலாளர் சரவணன் நிதானமாகச் சொன்னார்: "மெஷின் டீக் ஆகி ஓடுற வரைக்கும் நீங்களே மேல உக்காந்து பாத்துக்கங்க சார். கணக்குதான் உங்களுக்கு நல்லா வருதே."

பிறகுதான் படித்தேன். புரோகிராமை ஓட்ட ரன்டைம் என்று ஒன்று தனியாக வேண்டுமாம். என் லேப்டாப்பில் அது ஏற்கெனவே இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. வேலை கிடைத்து இந்தத் தீவில் இறங்கிய புதிதில் நானும் அப்படித்தானே? படிப்பு இருந்தது, டைப்பிங் இருந்தது. இந்தி இல்லை. ரேஷன் கடை முன்னால் அசையாமல் நின்றேன்.

ஜங்லிகாட் இன்டர்நெட் கடையில் ஐந்து முறை டவுன்லோடு செய்தேன். ஐந்தும் பாதியில் அறுந்தன. வேறு வழி? மெயின்லேண்டிலிருந்து வருகிறவரிடம் சொல்லிவிடுவதுதான். ஃபீனிக்ஸ் பே பகுதியில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு முருகன் லீவில் சென்னை போயிருந்தார். போனில் பட்டியல் சொன்னேன்: அப்பளம், காப்பித்தூள், ரன்டைம். எல்லாம் புதுசாகப் பார்த்து வாங்கவும்.

கப்பலில் வந்திறங்கியவர் சிரித்தபடி கொடுத்தார். "புத்தம் புதுசு சார். இந்த வருஷத்தோடது."

அப்பளம் பிரமாதம். ரன்டைமோ... என் புரோகிராமை நான் வரைந்தது போன வருடத்து மென்பொருளில். அதற்குப் போன வருடத்து ரன்டைம்தான் வேண்டுமாம்! அப்பளத்தோடு சேர்த்து அதையும் புதுசாகக் கேட்டது யார்?

பழையது அடுத்த கப்பலில் வந்தது. அதுவரை எட்டு முறை மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நேரத்துக்கு மோட்டாரை நிறுத்தினேன். ஒரு சொட்டு வழியவில்லை.

ஒன்பதாம் முறை மணி அடித்தது. அப்போதும் நான் மாடியில்தான் இருந்தேன். நம்பிக்கை வர வேண்டாமா?

மொத்தச் செலவு 2,415 ரூபாய். அதில் தண்ணீரைக் காப்பாற்றியது, 340 ரூபாய் பிளாஸ்டிக் நாற்காலி.